உங்கள் விமான நேரம் மாற்றப்பட்டுள்ளது

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில், ஏறிப் போகிறவரைவிட அதிகமாகப் பயப்படுகிறவர் கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற டிக்கெட்காரர்தான்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு சின்ன டிராவல்ஸில் நான் டிக்கெட் போடுகிறேன். பக்கத்து நாற்காலியில் பிலோமினா. ஓனர் கார் வாடகை வேலையாக எப்போதும் வெளியில். பெங்களூரு விமான நிலையம் அந்த ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, நாங்கள் இந்தக் கோடியில். நடுவில் அத்திப்பள்ளி, சில்க் போர்டு என்று வண்டி நெரிசலில் ஒவ்வொன்றும் ஒரு கண்டம். நேரம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்தாலே எங்கள் ஊர்க்காரருக்கு அது பாதி நாள்.

எல்லோரும் கேட்பது இருப்பதிலேயே குறைந்த டிக்கெட். "ரத்து பண்ணினா பணம் திரும்ப வராதுங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். "நாங்க எதுக்குத் திரும்பக் கேக்கப் போறோம்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். பிறகு ஒரு நாள் விமானக் கம்பெனியே நேரத்தை மாற்றிவிட்டு ஒரு மெசேஜ் அனுப்பும். அவர்கள் பெரிய அளவில் மாற்றினால், வராத பணமும் முழுசாகத் திரும்ப வரும். ஆனால் "நீங்கள் மாற்றினீர்கள், அதனால் எனக்கு வேண்டாம்" என்று கேட்க வேண்டும். பதறிப்போய் "ரத்து" என்ற பட்டனை நாமே அமுக்கினாலும் போச்சு, பேசாமல் இருந்தாலும் போச்சு. அந்த மெசேஜைப் பார்த்து ஒரு தடவையாவது நீங்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருந்தால், வாருங்கள், நீங்களும் எங்கள் ஆள்தான்.

லாக்கரில் அடித்த போன்

சிவகுமார் என்று ஒருத்தர். திருநெல்வேலிப் பக்கம். இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மனைவிக்கு வளைகாப்பு என்று தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்திருந்தார். மறுநாள் சாயங்கால விமானம். முந்தின நாள் மத்தியானம் மெசேஜ் வருகிறது, அதே விமானம் விடியற்காலைக்குப் போய்விட்டது என்று. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். வேலைக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப் போனால், விமானம் போன பிறகுதான் போனைப் பார்ப்பார். வராத ஆள் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் யார் காலில் விழுந்தும் ஒன்றும் வராது. வளைகாப்பில் புருஷன் இல்லாமல் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் வந்து நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய்விட்டேன்.

செக்யூரிட்டி கன்னடக்காரர். டியூட்டியில் இருக்கிறவரைக் கூப்பிட முடியாது என்றார். அவசரமா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே பயந்துபோய், நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்து "எமர்ஜென்சி, எமர்ஜென்சி" என்று உள்ளே கத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிவகுமார் ஓடி வந்தார். காதில் சத்தத்துக்கு வைக்கிற பஞ்சு அப்படியே இருக்கிறது, கையெல்லாம் ஆயில், உதடு வெளுத்துப் போயிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பஞ்சை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து, செக்யூரிட்டி கொடுத்த தண்ணீரை முழுசும் குடித்துவிட்டுச் சொன்னார்:

"எமர்ஜென்சின்னு சொன்னாவ, எங்கப்பா போயிட்டாருன்னு நெனச்சு மெஷின நிறுத்திட்டு ஓடியாறேன், நீங்க என்னன்னா பிளேன் சீக்கிரம் வருதுங்கீங்களேக்கா!"

மரியாதைக்கு ஒரு ஓகே

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் சூப்பர்வைசர் நடராஜன். அதிர்ந்து பேசத் தெரியாதவர். மகளுக்குப் புவனேஸ்வரில் மேல்படிப்புக்கு நேர்முகத் தேர்வு. அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த அழைப்பு. இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். விமானக் கம்பெனி நேரத்தை மாற்றி, "சம்மதம்", "வேண்டாம்" என்று இரண்டு பட்டனோடு அவருக்கே மெசேஜ் அனுப்பியது. அவர் சம்மதத்தை அமுக்கிவிட்டார். அதற்கப்புறம்தான் மகள் நேரத்தைப் பார்த்திருக்கிறாள். புது விமானம் போய் இறங்கும்போது நேர்முகத் தேர்வே முடிந்திருக்கும்.

அப்பாவும் மகளும் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "எதுக்குங்க சம்மதம் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். "பெரிய கம்பெனி, நம்மகிட்ட கேக்கறாங்க, வேண்டாம்னா மரியாதையா இருக்காதுன்னு..." என்று இழுத்தார். ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டால், அந்தப் பக்கம் இருந்த பெண் இனிமையாக, "பயணி ஒப்புக்கொண்டுவிட்டார் மேடம், இனி ரத்து செய்தால் பணம் வராது" என்று முடித்துவிட்டாள். வேறு டிக்கெட் எடுக்க அவரிடம் அப்போது வழியில்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்டில் போட்டு வைத்தோம். அது நகரவே இல்லை. மகள் அழவில்லை. மேஜை ஓரத்தில் உரிந்திருந்த மைக்காவை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் நானும் பிலோமினாவும் தினமும் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக அந்த விமானத்தைத்தான் பார்ப்போம். அந்த விமானம் இன்னொரு தடவை மாற வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். புதிதாக ஒரு மாற்றம் வந்தால் பழைய சம்மதம் செல்லாது. ஊரில் எல்லோரும் மாறக் கூடாது என்று வேண்டுவார்கள், நாங்கள் மாற வேண்டும் என்று வேண்டினோம். கடைசியில் மாறியது. நடராஜனுக்குப் போன் போட்டு, "எதையும் தொடாதீங்க, போனை மேஜை மேல வெச்சுட்டு எந்திரிச்சுப் போங்க" என்று கத்தினேன். இந்தத் தடவை "வேண்டாம்" போட்டது நான். முழுப் பணமும் திரும்பி, வேறு விமானத்தில் போய், அவள் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துவிட்டாள். இடமும் கிடைத்தது. மாம்பழ ஜூஸ் டப்பாக்களோடு வந்த நடராஜன் சொன்னார்:

"நல்லவேளைங்க, நமக்கு ஒரு தடவை புத்தி மாறுச்சுன்னா அவனுக்கு ரெண்டு தடவை மாறுது."

அன்பான குரல்

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறார் ரேணுகாம்மா. வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், எங்களிடம் தமிழ். மகன் அகமதாபாத்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகிற டிக்கெட் நேரம் மாறிப் பணம் திரும்ப வர வேண்டியிருந்தது. நான் கேட்டுப் போட்டிருந்தேன். வர நாளாகும் என்றும் சொல்லியிருந்தேன். ஒரு நாள் காதில் போனை வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து, "ஆமாப்பா, சொல்லுப்பா" என்று சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். "அம்மா, ஆப் இறங்கிடுச்சாம்மா? இப்ப உங்க பேங்க் ஆப்பைத் திறங்கம்மா" என்று ஒரு வாலிபக் குரல். யார் என்று ஜாடையில் கேட்டேன். "ஏர்லைன்ஸ் கஸ்டமர் கேர். நெட்ல நம்பர் பாத்து நானே பேசிட்டேன். இன்னிக்கே பணம் போட்டுடறானாம்" என்றார் பெருமையாக.

நான் எட்டிப் பார்த்தேன். ரேணுகாம்மாவின் இரண்டு கையும் புடவை மேல் இருக்கிறது. போனில் திரை தானாக நகர்கிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிற மாதிரி. போனைப் பிடுங்கினேன். அவசரத்தில் எந்தப் பட்டன் எது என்று தெரியவில்லை. பிலோமினாதான் என் தோளுக்கு மேலே கையை நீட்டி ஏரோபிளேன் மோடைத் தட்டினாள். குரல் பாதியில் நின்றது. உடனே எங்கள் போனில் பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொன்னோம். பணம் ஒன்றும் போகவில்லை என்று அங்கிருந்து சொல்கிறவரை மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். எனக்கு ஆத்திரம். "முன்னப்பின்ன தெரியாதவன் சொன்னா எதை வேணா திறந்துடுவீங்களாம்மா?" என்று கத்திவிட்டேன். ரேணுகாம்மா போனைத் திருப்பி வாங்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவன் வார்த்தைக்கு வார்த்தை அம்மான்னு கூப்பிட்டாம்மா, என் புள்ள இப்பல்லாம் 'ம்'முனுதான் பேசறான்."

பேசாமல் உட்கார்ந்திருந்தவர்

கத்துகிறவர்களைப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. மேஜையைத் தட்டுவார்கள், ஓனரைக் கூப்பிடு என்பார்கள், டீ வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தால்தான் பயம். சாமல்பட்டியிலிருந்து வந்த மாதப்பன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், முறுக்கு மீசை, உழுது காய்த்துப்போன கை. அம்மா இறந்து, அஸ்தியைக் காசியில் கரைக்க டிக்கெட் எடுத்திருந்தார். ஊரிலேயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அவருக்கு ரயிலில் போக மனசில்லை. நிலத்தில் வேலை செய்யும்போது மேலே போகிற விமானத்தை நின்று பார்க்கிற அம்மாவாம். ஒரு தடவையாவது அதில் அழைத்துப் போக வேண்டும் என்று பையனுக்கு இருந்திருக்கிறது.

இரண்டு விமானம் மாறிப் போகிற டிக்கெட் அது. முதல் விமானத்தின் நேரத்தைத் தள்ளிப் போட்டார்கள். அது போய் இறங்குவதற்குள் இரண்டாவது கிளம்பியிருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் இரண்டுமே "உறுதி" என்று பச்சையில் காட்டுகிறது. வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைக் கேட்டோம். கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள், வரவில்லை. மாதப்பன் தினமும் முதல் பஸ்ஸில் கிளம்பி வருவார். சுவரோரம் இருக்கிற நாற்காலியில் உட்காருவார். "இன்னும் வரலைங்க" என்பேன். தலையை ஆட்டுவார். சாயங்காலம் வரை ஒரு வார்த்தை கிடையாது. என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களே பணத்தை அமுக்கிவிட்டோம் என்று நினைக்கிறாரோ, ஒரு நாள் எழுந்து வந்து கழுத்தைப் பிடிப்பாரோ என்று எனக்கு உதறல். பிலோமினா சாப்பாட்டு நேரத்தில்கூட என்னைத் தனியாக விட்டுப் போக மாட்டாள். ஒரு நாள் அவர் இடுப்பில் கையை விட்டார். அவ்வளவுதான் என்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். அவர் எடுத்தது வெற்றிலைப் பொட்டலம்.

பணம் வந்த அன்றைக்கு வேறு விமானத்தில் டிக்கெட் போட்டேன். அச்சடித்து அவர் கையில் கொடுக்கும்போதுதான் தைரியம் வந்து கேட்டேன், "போன்லயே சொல்லியிருப்பேனே, எதுக்குங்க தினமும் இவ்வளவு தூரம் வந்தீங்க?" அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

"அஸ்திய வீட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு அம்மாவ வேப்பமரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கறன் மேடம், அதப் பாத்துக்கிட்டு வீட்ல எப்பிடி சோறு திங்கறது?"

ஜாஸ்மின் ஏறிய பஸ்

ஜாஸ்மின், பிலோமினாவின் சர்ச்சைச் சேர்ந்த பெண். வளைகுடாவில் நர்ஸ். அப்பா இல்லை. தம்பி படிப்பு, வீட்டுக் கடன், எல்லாம் அவள் ஒருத்தி தலையில். லீவில் வந்தவள், திரும்பி அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி முடிகிற தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுத்திருந்தாள். அந்த விமானத்தை இரண்டு நாள் தள்ளிவிட்டார்கள். அனுமதி செத்துப்போன பிறகு போய் இறங்கும் விமானம். வேலையே போய்விடும். "முழுப் பணமும் தருகிறோம்" என்று ஏர்லைன்ஸ் ஒரே பாட்டாகப் பாடியது. மற்றவர்களெல்லாம் பணத்துக்காக அழுகிறபோது, இவளிடம் பணத்தைக் கொடுக்காதே, விமானத்தைக் கொடு என்று நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தோம். அந்தத் தேதியில் மற்ற கம்பெனிகளின் டிக்கெட் தொட முடியாத விலையில் இருந்தது.

ஜாஸ்மினின் அம்மா சோபாவில் ஜெபமாலையோடு. ஜாஸ்மின் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஹோல்டில் ஓடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் மாற்றி ஒருவர் எடுப்பார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். லைன் கட்டாகும். மறுபடியும் முதலிலிருந்து. கடைசியாக வந்த ஆள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். "நீங்கள்தானே நேரத்தை மாற்றினீர்கள், வேறு ஊரிலிருந்து ஏற்றி விடுங்களேன்" என்றேன். தேடிப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து மறுநாள் சாயங்காலம் இவர்கள் விமானத்திலேயே ஓர் இடம் இருக்கிறது என்றார். கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. ஜாஸ்மின் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் ஓசூரில் சென்னை பஸ் ஏறினாள். ஆம்பூர் தாண்டி லாரி ஒன்று கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. "அக்கா, பஸ் நகரல" என்று போன். எங்களுக்கு இங்கே வேலையே ஓடவில்லை. பிலோமினா மேப்பில் ரோடு அடைப்பைக் காட்டுகிற சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் எழுந்து போய் டிரைவரிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்ல, அவர் பக்கத்தில் ஒரு கிராமத்து ரோட்டுக்குள் பஸ்ஸைத் திருப்பி, எங்கெங்கோ சுற்றி மறுபடியும் ஹைவேயில் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார். கவுன்டர் மூடப் போகிற நேரத்தில் உள்ளே ஓடினாளாம். "ஏறிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் மெசேஜ் வந்தது. பிலோமினா மேஜையில் கவிழ்ந்து அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிலோமினாவோடு நானும் போயிருந்தபோது சர்ச் வாசலில் ஜாஸ்மினின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணேன், பிலோமினா பேரச் சொல்லிப் பண்ணேன், அந்த டிரைவர் பேருதான் தெரியல, ஆண்டவருக்குத் தெரியுமேன்னு 'அந்த பஸ்காரர்'னே சொல்லிட்டேன்."

என் முறை

இத்தனை பேரை அனுப்பி வைத்த நான் விமானத்தில் ஏறியதே இல்லை. போன வருஷம்தான் ஓனர் மனசு இறங்கி, கொச்சிக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கல்யாண நாளுக்குப் போகலாம் என்று நானே என் கையால் போட்டேன். எதைப் போட்டேன் என்று கேட்காதீர்கள். இருப்பதிலேயே குறைந்தது.

அன்றிலிருந்து என் போன் சிணுங்கினால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்ப்பேன். குளிக்கப் போனால்கூடப் போனைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஆபீஸில் இன்னொருவரின் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மெசேஜ் வந்தது. எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டிய அதே வாசகம். ஆனால் எனக்கு என்று வந்தபோது எழுத்தெல்லாம் மங்கலாகிவிட்டது. எதை அமுக்க வேண்டும், எதை அமுக்கக் கூடாது, ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து போனை நீட்டினேன். பிலோமினா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மெதுவாகப் படித்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்:

"பதட்டப்படாதீங்க மேடம், தண்ணி குடிக்கிறீங்களா, ஏர்லைன்ஸ்ல பேசிப் பாக்கறேன், ஆனா இது நான்-ரீஃபண்டபிள் மேடம்."

இத்தனை வருஷத்தில், விமானம் மேலே போய் விழுந்துவிடுமோ என்று பயந்து என்னிடம் வந்த ஒரே ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை, எங்கள் ஊர்க்காரர்களின் பயமெல்லாம் தரையிலேயே தீர்ந்துவிடுகிறது.